கஜகஸ்தான் – அமெரிக்கா உறவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த உறவு எப்போது தொடங்கியது?

1991 டிசம்பர் 16 அன்று கஜகஸ்தான் விடுதலையை அறிவித்தது. சோவியத் குடியரசுகளில் கடைசியாக வெளியேறியது அதுதான். டிசம்பர் 25 அன்று, கோர்பச்சேவ் பதவி விலகிய அதே நாளில், மூத்த புஷ் அதை அங்கீகரித்தார். அந்த அறிவிப்பில் எல்லாக் குடியரசுகளுக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை. சிலவற்றுக்கு அங்கீகாரமும் தூதரக உறவும் சேர்ந்தே கிடைத்தன. உஸ்பெகிஸ்தான் போன்றவற்றுக்கு அங்கீகாரம் மட்டும், உறவு பிறகு. கஜகஸ்தான் முதல் வரிசையில் இருந்தது. அதன் மண்ணில் அணுகுண்டுகள் இருக்கும்போது வாஷிங்டனால் வேறு எப்படிச் செய்ய முடியும்?

1992 பிப்ரவரியில் அல்மா-அத்தாவில், அதாவது இன்றைய அல்மாத்தியில், அமெரிக்கத் தூதரகம் திறந்தது. முதலில் பொறுப்புத் தூதராகவும் பிறகு முழுத் தூதராகவும் இருந்தவர் வில்லியம் கோர்ட்னி.

பொறுப்புத் தூதர் என்றால்? தூதர் நேரடியாக வர மாட்டாரா?

வர மாட்டார். முதலில் ஒரு மூத்த அதிகாரி போய் அலுவலகத்தைத் திறந்து கொடியேற்றுவார். அவர்தான் பொறுப்புத் தூதர். தூதராக யாரை அனுப்புவது என்று முடிவானதும் அந்தப் பெயர் எதிர்நாட்டுக்கு ரகசியமாகப் போகும். அவர்கள் சம்மதம் சொன்ன பிறகே பெயர் வெளியே வரும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சத்தமில்லாமல் வேறு பெயர் போகும். அதற்கடுத்து அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு விசாரித்து, செனட் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் புதிய தூதர் தலைநகர் அஸ்தானா போய், நியமனக் கடிதத்தின் நகலை வெளியுறவு அமைச்சகத்திலும் மூலத்தை அதிபர் கையிலும் கொடுப்பார்.

சிக்கல் பெரும்பாலும் செனட்டில்தான். தூதரோடு எந்தத் தொடர்பும் இல்லாத உள்நாட்டுச் சண்டைக்காக ஓர் உறுப்பினர் மாதக்கணக்கில் நியமனங்களை நிறுத்திவைக்கலாம். அதுவரை பொறுப்புத் தூதரே தூதரகத்தை நடத்துவார். ஆகவே "தூதர் இல்லை, உறவு கெட்டுவிட்டது" என்று செய்தி வந்தால் அப்படியே நம்ப வேண்டாம்.

தூதரகம் அல்மாத்தியிலா, அஸ்தானாவிலா?

அஸ்தானாவில். 1997-இல் தலைநகரம் தெற்கிலிருந்து வடக்கே மாறியது. அமெரிக்கத் தூதரகம் 2006-இல்தான் அங்கே போனது. அல்மாத்தியில் துணைத் தூதரகம் இருக்கிறது. பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அக்மோலா, அஸ்தானா (1998), நூர்-சுல்தான் (2019), மறுபடியும் அஸ்தானா (2022) எல்லாம் ஒரே ஊர்.

கஜகஸ்தானிடம் உண்மையில் எத்தனை அணுகுண்டுகள் இருந்தன?

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 1,410. எஸ்.எஸ்-18 ரகக் கண்டம் தாண்டும் ஏவுகணைகள் 104, அணுகுண்டு ஏந்தும் து-95 விமானங்கள் 40. எண்ணிக்கையில் பிரிட்டன், பிரான்ஸ், சீனா மூன்றையும் மிஞ்சிய இருப்பு.

ஆனால் "இருந்தன" என்பதற்கும் "வைத்திருந்தது" என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஏவும் குறியீடுகள் மாஸ்கோவில். காவலிருந்த படையும் மாஸ்கோவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்ட அறைக்கு வாடகைக்காரர் உரிமை கொண்டாடுவது போன்ற நிலை. இதைச் சொல்லாமல் "உலகின் நான்காவது அணு வல்லரசு தன் ஆயுதங்களைத் துறந்தது" என்று மட்டும் எழுதுவது பாதிக் கதை.

பேரம் பேச அதுவே பெரிய சீட்டு. ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?

செமிபலாத்தின்ஸ்க் ஒரு காரணம். 1949 ஆகஸ்ட் 29 முதல் 1989 வரை அந்தச் சோதனைத் திடலில் 456 அணுச் சோதனைகள் நடந்தன. சுற்றியிருந்த ஊர்களில் மூன்று தலைமுறையாகப் புற்றுநோயும் பிறவிக் குறைபாடும். 1989 பிப்ரவரியில் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ் தொடங்கிய மக்கள் இயக்கத்தின் பெயர் 'நெவாடா–செமிபலாத்தின்ஸ்க்'. அமெரிக்கச் சோதனைத் திடலின் பெயரை அதில் சேர்த்தது, எதிரி நாட்டில் இதே துயரப்பட்டவர்களும் நம்மவர்களே என்று சொல்லத்தான். 1991 ஆகஸ்ட் 29 அன்று கஜகஸ்தானின் அன்றைய அதிபர் நசர்பாயெவ் திடலை மூடினார். சோவியத் ஒன்றியம் அப்போது இன்னும் உயிரோடுதான் இருந்தது.

கணக்கும் இருந்தது. குண்டுகளைப் பராமரிக்கப் பணமில்லை, ஆளில்லை. வைத்துக்கொண்டால் மாஸ்கோ, வாஷிங்டன் இரண்டுமே பகை. கொடுத்தால் முதலீடு வரும். 1993 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரானோடு ஒப்பந்தம் கையெழுத்தான காலமும் இதுதான்.

குண்டுகள் படிப்படியாக எப்படி வெளியேறின?

1992 மே 23 அன்று லிஸ்பனில் ஒரு நெறிமுறை கையெழுத்தானது. ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான், அமெரிக்கா ஐந்தும் அதில் அடக்கம். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஆயுதமில்லா நாடாகச் சேருவதாகக் கஜகஸ்தான் அங்கே வாக்களித்தது. 1993 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் ஏற்றது; துணை அதிபர் அல் கோர் அன்று அல்மாத்தியில் இருந்தார். ஏவுகணைகளை அகற்றுவதற்கு அமெரிக்கப் பணம் தரும் உடன்பாடும் அதே நாளில் கையெழுத்தானது. வாக்குறுதியும் பணமும் ஒரே மேசையில் கைமாறின. 1994 பிப்ரவரி 14 அன்று வாஷிங்டனில் சேர்க்கை ஆவணம் ஒப்படைக்கப்பட்டது. 1995 ஏப்ரலுக்குள் கடைசிக் குண்டும் ரயிலேறி ரஷ்யா போய்ச் சேர்ந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். சோதனைக்காகச் சுரங்கத்துக்குள் வைத்து, வெடிக்காமலே விடப்பட்ட ஓர் அணுக்கருவி. அதை வெளியே எடுப்பது ஆபத்து என்று 1995 மே 31 அன்று சாதாரண வெடிமருந்து வைத்து உள்ளேயே சிதைத்தார்கள்.

பதிலுக்கு அமெரிக்கா பாதுகாப்புக்கு உத்தரவாதம் கொடுத்ததா?

இல்லை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் உக்ரைன், பெலாரஸோடு கஜகஸ்தானுக்கும் ஒரு குறிப்பாணை கிடைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா கையெழுத்திட்டன. எல்லையை மதிப்போம், பலத்தைப் பயன்படுத்த மாட்டோம், பொருளாதார நெருக்கடி கொடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழி அது. யாராவது மீறினால் படையனுப்பிக் காப்போம் என்று ஒரு வரியும் கிடையாது. அணுகுண்டால் தாக்கினாலோ மிரட்டினாலோ ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுபோவோம் என்பதோடு சரி. அந்த மன்றத்தில் ரஷ்யாவுக்குத் தடுப்பு வாக்கு உண்டு. உக்ரைனுக்கு 2014-இலும் 2022-இலும் நேர்ந்ததை அஸ்தானா கவனிக்காமல் இருந்திருக்காது.

சஃபையர் நடவடிக்கை என்பது என்ன?

உஸ்த்-கமெனகோர்ஸ்கில், இன்றைய ஒஸ்கெமென் நகரில், உல்பா உலோக ஆலை இருக்கிறது. சோவியத் நீர்மூழ்கிகளுக்கு எரிபொருள் செய்ய எடுத்துவைத்து, திட்டம் நின்றுபோனதால் மறந்துவிட்ட செறிவூட்டிய யுரேனியம் அங்கே கிடந்தது. அமெரிக்கத் தூதரகத்தின் ஆண்ட்ரூ வெபர் கைக்கு ஒரு மடித்த துண்டுச்சீட்டு வந்து சேர்ந்தது. அதில் இருந்தது இவ்வளவே: யுரேனியம்-235, 90 சதவீதம், 600 கிலோ. இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளுக்குப் போதும்.

1994 அக்டோபரில் 31 பேர் கொண்ட அமெரிக்கக் குழு ரகசியமாக ஆலைக்குள் போனது. வேலை நினைத்ததுபோல் எளிதல்ல. பெரிலியத்தோடு கலந்த கம்பிகள், தூள், துண்டுகள் என்று யுரேனியம் பல உருவில் கிடந்தது. ஒவ்வொன்றையும் அளந்து, எடைபோட்டு, சிலவற்றைச் சூளையில் சுட்டு ஈரம் போக்கி, 448 கலன்களில் அடைக்க வேண்டியிருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். குளிர்காலம் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. நவம்பரில் பனி உறைந்து வழுக்கும் சாலையில் லாரிகள் விமான நிலையம் போயின. மூன்று சி-5 ராட்சத விமானங்கள் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, எங்கும் இறங்காமல் டெலாவேர் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து டென்னசியின் ஓக் ரிட்ஜ். எல்லாம் முடிந்தபிறகுதான் உலகுக்குச் சொன்னார்கள்.

செமிபலாத்தின்ஸ்க் திடல் பத்திரமாகிவிட்டதா?

1996 முதல் 2000 வரை டெகெலென் மலையின் 181 சுரங்கங்களின் வாயை அமெரிக்கப் பணத்தில் அடைத்தார்கள். வாயை அடைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்ததைப் பற்றி ரஷ்யா அப்போது முழுமையாகச் சொல்லவில்லை. முழு அளவில் வெடிக்காத சோதனைகளில் மிஞ்சிய புளூட்டோனியம் அங்கேயே கிடந்தது. அதே சமயம், வேலையிழந்த உள்ளூர் மக்கள் செப்புக் கம்பிக்காக அடைப்பை உடைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போடுவதற்கு. சில இடங்களில் புளூட்டோனியத்துக்கு நூறு மீட்டர் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

வாயை மட்டும் மூடினால் போதாது என்று தெரிந்ததும் கஜகஸ்தான், ரஷ்யா, அமெரிக்கா மூன்றும் சேர்ந்து மறுபடி இறங்கின. சுரங்கத்துக்குள் சிறப்புக் கான்கிரீட் கலவையைச் செலுத்தி, புளூட்டோனியத்தைப் பாறையோடு பாறையாக்கினார்கள். 2012 அக்டோபரில் வேலை முடிந்தது. செலவு சுமார் 15 கோடி டாலர். மூன்று முகம் கொண்ட ஒரு கல் நட்டார்கள், உலகம் பாதுகாப்பானதாகிவிட்டது என்ற வாசகத்தோடு. ரஷ்யாவும் அமெரிக்காவும் பதினாறு ஆண்டு சண்டையில்லாமல் சேர்ந்து செய்த காரியம் என்பதை இன்று நம்பவே கடினமாக இருக்கிறது.

அந்த உல்பா ஆலை இப்போது?

அதே வளாகத்தில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் எரிபொருள் வங்கி இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 29 அன்று திறந்தது, தேதி தற்செயலல்ல. 2019 இறுதிக்குள் 90 டன் குறைசெறிவு யுரேனியம் வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் மின்நிலையத்துக்கு அரசியல் காரணத்தால் எரிபொருள் கிடைக்காமல் போனால் இங்கிருந்து வாங்கலாம். 15 கோடி டாலர் நிதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாரன் பஃபெட் கொடுத்தது, ஏறக்குறைய அதே அளவு அமெரிக்க அரசு கொடுத்தது.

எண்ணெயில் அமெரிக்காவின் பங்கு எவ்வளவு?

கஜகஸ்தானின் மேற்கிலுள்ள தெங்கிஸ் எண்ணெய் வயலில் பாதி செவ்ரானுடையது. எக்ஸான்மொபிலுக்கு 25 சதவீதம், கஜக் அரசின் காஸ்முனைகாஸுக்கு 20, ரஷ்யாவின் லூக்காயிலுக்கு 5. 1993-இல் நாற்பது ஆண்டுக்கு எழுதிய ஒப்பந்தம் 2033-இல் முடிகிறது. புதுப்பிப்பதா, என்ன பங்கில் என்பதுதான் வரும் ஆண்டுகளில் இரு நாட்டுக்கும் நடுவே ஓடப்போகும் பெரிய பேரம். மேடைப் பேச்சுகளை விட இதைக் கவனிப்பது நல்லது.

அந்த எண்ணெய் எந்த வழியாக வெளியே போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கஜகஸ்தானுக்குப் பெருங்கடல் இல்லை. தெங்கிஸிலிருந்து ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் துறைமுகம்வரை சுமார் 1,500 கிலோமீட்டர் காஸ்பியன் குழாய்வழி 2001-இல் திறந்தது. நாட்டின் எண்ணெய் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில்தான் போகிறது. தனிப்பெரும் பங்குதாரர் ரஷ்யா, 31 சதவீதம். அமெரிக்க நிறுவனம் எடுக்கும் எண்ணெய் ரஷ்யா திறந்துவிட்டால்தான் கப்பலேறும்.

2022-இல் இது கண்ணெதிரே நடந்தது. மார்ச்சில் புயலால் ஏற்றுமிடம் பழுதானது என்றார்கள். ஜூலையில், எண்ணெய்க் கசிவு தடுப்பு ஆவணங்களில் குறை என்று நோவோரோசிஸ்க் நீதிமன்றம் 30 நாள் நிறுத்தச் சொன்னது. ஒரு வாரத்துக்குள் மேல்முறையீட்டில் தண்டனை 2 லட்சம் ரூபிள் அபராதமாகச் சுருங்கியது. அந்தப் பணத்துக்கு நல்ல கார்கூட வாங்க முடியாது. யாருக்குச் சொன்ன செய்தி என்று அஸ்தானாவுக்குப் புரிந்திருக்கும்: உக்ரைனிலிருந்து ரஷ்யா பிரித்தெடுத்த தோனெத்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளை அங்கீகரிக்க முடியாது என்று அதிபர் தொகாயெவ் புதின் அருகிலேயே உட்கார்ந்து சொல்லி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 2025 பிப்ரவரியில் சிக்கல் மறுதிசையிலிருந்து வந்தது. அதே குழாயின் கிரபோட்கின்ஸ்காயா பம்ப் நிலையத்தை உக்ரைனிய டிரோன்கள் தாக்கின.

மாற்றுவழி இல்லையா?

இருக்கிறது, சிறியது. காஸ்பியன் கரையிலுள்ள அக்தாவ் துறைமுகத்திலிருந்து கப்பலில் அஜர்பைஜானின் பாகூ, அங்கிருந்து துருக்கியின் ஜெய்ஹான் குழாய். இவ்வழியே போவது ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன். காஸ்பியன் குழாயில் ஓடுவதோ 6 கோடி டன்னுக்கு மேல். போதாக்குறைக்குக் காஸ்பியன் கடல் வற்றிக்கொண்டே போகிறது. கப்பலில் முழுச் சரக்கு ஏற்றினால் அடிதட்டும் என்று குறைத்து ஏற்றுகிறார்கள்.

அமெரிக்க நீதிமன்றத்தில் கஜக் லஞ்ச வழக்கு என்று ஒன்று நடந்ததே?

ஜேம்ஸ் கிஃபன் என்ற அமெரிக்கத் தரகர் 2003-இல் நியூயார்க்கில் கைதானார். எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த கோடிக்கணக்கான டாலர்களைக் கஜக் தலைவர்களுக்குத் திருப்பினார் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்க அரசுக்குத் தெரிந்துதான் செய்தேன், உளவுத் துறைக்குத் தகவல் தந்துகொண்டிருந்தேன் என்பது அவர் வாதம். ரகசிய ஆவணங்களைக் காட்டுவதா கூடாதா என்றே ஆண்டுகள் ஓடின. 2010-இல் சுவிஸ் கணக்கு ஒன்றை வரிப் படிவத்தில் காட்டாத சிறு குற்றத்தோடு அவரளவில் வழக்கு முடிந்தது. நீதிபதி அவரைப் பாராட்டியே பேசினார்.

சுவிட்சர்லாந்தில் முடக்கியிருந்த 8.4 கோடி டாலர் என்ன ஆனது என்பது நல்ல பகுதி. மூன்று நாடுகளும் பேசி, 'போத்தா' என்ற அறக்கட்டளை வழியே ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 2014 வரை பிரித்துக் கொடுத்தன. முடக்கிய பணத்தை அரசிடம் கொடுக்காமல் மக்களிடம் சேர்க்க முடியும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

ஜாக்சன்–வானிக் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

1974-இல் வந்த அமெரிக்கச் சட்டத் திருத்தம். யூதர்கள் வெளியேற சோவியத் அரசு தடை போட்டதால், குடிமக்களை வெளியே விடாத நாடுகளுக்கு வழக்கமான வரிச் சலுகை கிடையாது என்றது. அந்தச் சோவியத் ஒன்றியமே இல்லை. கஜகஸ்தானிலிருந்து வெளியேற யாருக்கும் தடையும் இல்லை. சட்டம் மட்டும் நிற்கிறது. கிர்கிஸ்தானுக்கு 2000-இல் விலக்கினார்கள், ரஷ்யாவுக்கே 2012-இல் விலக்கிவிட்டார்கள். கஜகஸ்தானுக்கு இன்னும் இல்லை.

நடைமுறையில் வழக்கமான வரியே வசூலாகிறது. ஆனால் அது நிரந்தர உரிமையல்ல. சலுகை போனால் 1930-களின் உயர்வரிப் பட்டியல் பொருந்தும். 2015-இல் கஜகஸ்தான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, இந்தச் சட்டத்தின் காரணமாக அமெரிக்கா, அந்த விதிகள் நம் இருவருக்கிடையே பொருந்தாது என்று எழுதிக்கொடுத்தது. நீக்க அதிபரின் கையெழுத்து போதாது, காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். எதிர்ப்பு பெரிதாக இல்லை, அவசரப்படவும் ஆளில்லை. மசோதா வரும், ஆயுள் முடிந்து காலாவதியாகும், அடுத்த காங்கிரஸில் மறுபடி வரும்.

ரஷ்யா மீதான தடைகள் கஜக் நிறுவனங்களை எப்படிப் பாதிக்கின்றன?

ரஷ்யாவும் கஜகஸ்தானும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் இருப்பதால் நடுவே சுங்கச் சாவடி கிடையாது. எல்லையோ 7,600 கிலோமீட்டர் நீளம். அல்மாத்திக்கு என்று வாங்கிய மின்னணுச் சில்லு லாரியில் ஏறி ரஷ்யாவின் ஓம்ஸ்க் போய்விடலாம். இதைத் தடுக்க 2023 ஏப்ரலில் சரக்கு எங்கே போகிறது என்று இணையவழிக் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்காவும் கூட்டாளிகளும் போர்க்கருவிகளில் அதிகம் சிக்கும் 50 பொருள் வகைகளைச் சுங்க எண்ணோடு பட்டியலிட்டிருக்கிறார்கள். உங்கள் சரக்கின் முதல் ஆறு இலக்கம் அதில் இருந்தால் வங்கி இறுதிப் பயனாளர் சான்று கேட்கும். 2023 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆணைக்குப் பிறகு அயல்நாட்டு வங்கியே தண்டிக்கப்படலாம் என்பதால், குற்றமில்லாத பணப் பரிமாற்றத்தையும் வங்கிகள் திருப்பி அனுப்புகின்றன. வணிகர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்கத் தடைப் பட்டியலிலிருந்து வெளியே வரவும் முடியும். ரஷ்யாவின் ஸ்பெர்பேங்கின் கஜக் கிளையை 2022-இல் கஜக் அரசு நிறுவனமான பைத்தெரெக் வாங்கி, பெரெகே வங்கி என்று பெயர் மாற்றியது. 2023 மார்ச்சில் அமெரிக்கா தடையை நீக்கியது. பெயர் மாற்றியதால் அல்ல, உரிமையாளர் மாறியதால்.

கஜகஸ்தானில் அமெரிக்க ராணுவத் தளம் இருந்ததா?

இல்லை. அமெரிக்கத் தளங்கள் இருந்தது அண்டை நாடுகளில்: மனாஸ் கிர்கிஸ்தானில் (2001–2014), கர்ஷி-கானாபாத் உஸ்பெகிஸ்தானில் (2001–2005). கஜகஸ்தான் கொடுத்தது வான்வழியும், ஆப்கானிஸ்தானுக்குச் சரக்கு போக ரயில் பாதையும். ஈராக்குக்குக் கண்ணிவெடி அகற்றும் சிறு பொறியாளர் படையையும் அனுப்பியது.

சி5+1 என்பது என்ன? ஆபிரகாம் உடன்பாட்டில் ஏன் சேர்ந்தார்கள்?

ஐந்து மத்திய ஆசிய நாடுகளும் அமெரிக்காவும் பேசும் அமைப்பு. 2015 நவம்பரில் சமர்கந்தில் அமைச்சர்கள் அளவில் தொடங்கி, 2023 செப்டம்பரில் நியூயார்க்கில் அதிபர்கள் அளவுக்கு வந்தது. 2025 நவம்பர் 6 அன்று வெள்ளை மாளிகையில் கூடியபோது, கஜகஸ்தான் ஆபிரகாம் உடன்பாட்டில், அதாவது இஸ்ரேலோடு முஸ்லிம் நாடுகள் உறவை இயல்பாக்கும் உடன்பாட்டில், சேருவதாக அறிவிப்பு வந்தது. இஸ்ரேலோடு அதற்கு 1992 முதலே தூதரக உறவு உண்டு, ஆக அங்கே புதிதாக எதுவும் மாறவில்லை. செலவில்லாமல் டிரம்ப்பின் மனத்தைக் குளிர்விக்க ஒரு வழி. வல்லரசுகளுக்கு நடுவே இருக்கும் நாட்டின் ராஜதந்திரத்தில் இது மட்டமான ஆட்டம் அல்ல.

அதே சமயம் கையெழுத்தானது டங்ஸ்டன் ஒப்பந்தம். கரகண்டா பகுதியின் இரண்டு தாதுப் படிவுகளில் அமெரிக்க நிறுவனத்துக்கு 70, கஜக் அரசு நிறுவனத்துக்கு 30 சதவீதம். மதிப்பு 110 கோடி டாலர். இரண்டு மாதத்துக்கு முன் வாப்டெக் நிறுவனத்தோடு 420 கோடி டாலருக்கு 300 ரயில் எஞ்சின்கள். இவற்றில் எஞ்சின் ஒப்பந்தத்தை நம்பலாம்: பாகங்களைக் கொண்டுவந்து கோக்கும் ஆலை அஸ்தானாவில் 2009 முதலே ஓடுகிறது. சுரங்கம் அப்படியல்ல. ஆய்வு, சாலை, தண்ணீர், மின்சாரம், தாது பிரிக்கும் ஆலை எல்லாம் வந்தபிறகே முதல் டன்.

அந்த டங்ஸ்டன் எந்த வழியாகப் போகும்?

ரஷ்யா, சீனா இரண்டையும் தவிர்ப்பதென்றால் அக்தாவ் வரை ரயில், அங்கிருந்து கப்பலில் பாகூ, மறுபடி ரயிலில் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகம். துருக்கி வழியே போனால் ஜார்ஜியாவின் அகல்கலாக்கியில் நிற்க வேண்டும்: சோவியத் தண்டவாளம் 1,520 மில்லிமீட்டர் அகலம், துருக்கியுடையது 1,435. ஆர்மீனியா வழியே புதிய பாதைக்கு 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் உடன்பாடு ஆனது. அது சுமார் 43 கிலோமீட்டர் இடைவெளியை அடைக்கும். காஸ்பியனைக் கடக்கும் கப்பலுக்கு அதனால் பயனில்லை. அக்தாவில் காற்று பலமாக அடித்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். சரக்கு நாள்கணக்கில் கரையில் காத்துக்கிடக்கும்.